வெயில் ஊரில் ஐஸ் சிற்பக் கூடம்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

அரையாண்டு விடுமுறைக்கு ஐஸ் சிற்பக் கூடம் போட நினைக்கிறவர்கள் முதலில் பயப்படுவது வெயிலுக்குத்தான். குளிர்பதனக் கிடங்கு வேலையிலிருந்து இந்தப் பக்கம் வந்த நானும் அப்படித்தான் பயந்தேன். டிசம்பர் கடைசியில் சென்னையில் வெயில் ஒரு பொருட்டே இல்லை. மழை விட்டும் விடாமலும் இருக்கிற அந்த ஈரக் காற்றுதான் பிரச்சினை. அது உள்ளே வரும் வழி கதவு. கீழே இருக்கும் கோளாறுகளில் பல, எங்கே தொடங்கினாலும் கடைசியில் கதவில்தான் போய் நிற்கும்.

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரத்தில் ஓர் அறை. சுற்றிலும் 150 மில்லிமீட்டர் பஃப் பேனல், அதாவது வெப்பம் புகாமல் தடுக்கும் ஃபோம் பலகை. உள்ளே மைனஸ் 10, வெளியே 30 டிகிரி. சுவர், கூரை, தரை எல்லாவற்றின் வழியாகவும் கசிந்து வரும் வெப்பம் சுமார் 6 கிலோவாட். அதே அறையில் 2 மீட்டர் அகலக் கதவு ஒன்று விரியத் திறந்து கிடந்தால், அந்த நேரத்தில் உள்ளே வருவது 150 கிலோவாட்டுக்கு மேல். பேனல் தடிமனுக்காக நாள் கணக்கில் பேரம் பேசிவிட்டு, வாசலுக்கு ஒரு பிளாஸ்டிக் பட்டைத் திரையைத் தொங்கவிட்டு முடித்துக்கொள்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இது முடியுமா என்று இன்னும் கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் கிஸ்ஸிமியில், நம்மூர் போலவே வியர்க்கிற ஊரில், ஒரு ஹோட்டல் வளாகத்தில் கிறிஸ்துமஸ் சமயத்தில் சுமார் 900 டன் ஐஸில் கூடம் போடுகிறார்கள். சீனாவின் ஹார்பினிலிருந்து சிற்பிகள் வந்து செதுக்குகிறார்கள். உள்ளே மைனஸ் 13 டிகிரி. வருகிறவர்களுக்கு வாசலிலேயே நீல அங்கி. நாம் செய்வது 30, 40 டன். அடிப்படை ஒன்றுதான்.

எந்தக் கோளாறு வந்தாலும், எதையும் திருகுவதற்கு முன்னால் மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அறையின் வெப்பநிலை, வாசலுக்கும் அறைக்கும் நடுவே இருக்கும் முன்னறையின் வெப்பநிலையும் ஈரப்பதமும், ஐஸின் உள் வெப்பநிலை. மூன்றாவதை யாரும் எடுப்பதில்லை. கண்ணில் படாத ஒரு மூலையில் ஐஸில் சிறு துளை போட்டு தெர்மாமீட்டர் குச்சியை விட்டு வையுங்கள். காற்று மைனஸ் 9 காட்டும்போது ஐஸ் மைனஸ் 4ல் இருக்கலாம். அப்படி இருந்தால் கோளாறு இன்று வந்ததில்லை, இரண்டு நாளாக வளர்ந்துகொண்டிருக்கிறது.

ஐஸ் பார் பால் போல வெள்ளையாக வருகிறது

தண்ணீரைக் குறை சொல்வார்கள், ஆர்ஓ தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள். ஊற்றினாலும் நடுவில் வெள்ளை இருக்கும். ஐஸ் ஃபேக்டரியில் தகரக் கேனை உப்புக்கரைசல் தொட்டியில் இறக்குகிறார்கள். நான்கு பக்கமும் வெளியிலிருந்து உள்ளே உறைகிறது. உறையும்போது தண்ணீர் தன்னிடமுள்ள காற்றையும் உப்பையும் நடுவே தள்ளுகிறது. கடைசியில் தப்ப வழியில்லாமல் அது நெஞ்சுப் பகுதியில் மாட்டிக்கொள்கிறது. ஃபேக்டரிக்காரரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: உறையும்போது காற்றுக் குழாய் ஓடுகிறதா? நடுவில் மிஞ்சும் தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுவார்களா? மீன் ஐஸ் போடுகிறவர்கள் இரண்டாவதைச் செய்ய மாட்டார்கள், அவர்களுக்கு அது தேவையும் இல்லை.

கண்ணாடி போல வேண்டுமென்றால் கீழிருந்து மேலே மட்டும் உறையவிட வேண்டும். மேலே ஒரு சின்ன பம்ப் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்கும், அழுக்கெல்லாம் மேலே வந்து நிற்கும், கடைசி இரண்டு அங்குலத்தை அறுத்து எறிந்துவிடலாம். இதற்கென்று விற்கும் மெஷினில் 40 அங்குலம், 20 அங்குலம், 10 அங்குல அளவில் சுமார் 136 கிலோ பார் கிடைக்கும். மூன்று நான்கு நாள் ஆகும். ஹார்பினில் சோங்குவா ஆற்றிலிருந்து வெட்டும் ஐஸ் தெளிவாக இருப்பதற்கும் காரணம் இதேதான்: ஒரே திசையில் மெதுவாக உறைகிறது, அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது.

எல்லாவற்றையும் கண்ணாடியாகச் செய்ய வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம் என்பது என் கருத்து. யானை, கொக்கு, கோபுரம் எல்லாம் வெள்ளை ஐஸில்தான் கண்ணுக்குத் தெரியும். தெளிவான ஐஸில் செதுக்கிய யானைக்குப் பின்னால் நிற்கும் ஆளின் சட்டைதான் போட்டோவில் விழும்.

கலர் ஐஸுக்கும் இதே விதி. சாயத்தையும் தண்ணீர் நடுவே தள்ளிவிடும். மெல்லிய பலகைகளாக, வேகமாக உறையவைத்தால்தான் நிறம் ஓரளவு சீராக நிற்கும்.

உளி பட்டதும் விரிசல் ஓடுகிறது

"டிக்" என்று ஒரு சத்தம் வரும், அப்புறம் மின்னல் கோடு போல ஒன்று உள்ளே ஓடும். ஐஸ் உறைந்த குளிரிலிருந்து நேராக வெளிக்காற்றுக்கு வந்திருக்கிறது. மேல்தோல் சூடாகி விரிகிறது, உள்ளே இன்னும் மைனஸ் 10. இழுபறியில் வெடிக்கிறது.

பாரை வெளியே எடுத்ததும் மேலே வெள்ளையாகப் பூத்திருக்கும். அது மறைந்து, ஈரமான பளபளப்பு வரும்வரை காத்திருங்கள். தார்ப்பாய் போர்த்தி நிழலில், ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல். அதற்குப் பிறகு செயின்சா வைத்தால் சோப்பை அறுப்பது போல இறங்கும். பெரிய வெட்டை வெளியே முடித்துவிட்டு, நுணுக்க வேலைக்கு மறுபடி உள்ளே கொண்டுபோகலாம். செயின்சாவுக்கு மெஷின் ஆயில் ஊற்றாதீர்கள். ஐஸில் மஞ்சள் கோடு விழும், அது போகவே போகாது. சமையல் எண்ணெய் போதும். ஈரத்தில் மின்சார ரம்பம் ஓட்டுவதால், அந்த லைனுக்குக் கசிவு மின்சாரத்தில் விழுகிற டிரிப்பர் கட்டாயம்.

ஒட்டிய கை, தும்பிக்கை கழன்று விழுகிறது

ஒட்டும் இரண்டு முகங்களும் பொருந்தவில்லை. பொருந்தியது போலத் தெரியும், ஆனால் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால் இடுக்கில் வெளிச்சம் வரும். ஓர் அலுமினியத் தகட்டை அயர்ன் பாக்ஸால் சூடாக்கி, இரண்டு முகத்தையும் அதில் தேய்த்து மட்டமாக்குங்கள். பிறகு ஐஸ் மிதக்கிற தண்ணீரைத் தடவி அழுத்திப் பிடியுங்கள். பாட்டிலில் இருக்கும் சாதாரணத் தண்ணீரைத் தடவினால், அது உறைவதற்கு முன் முகத்தைக் கரைத்துவிடும். இடுக்கு மிஞ்சினால் ஐஸ் துருவலைத் தண்ணீரில் குழைத்து அடையுங்கள்.

இதையெல்லாம் செய்தும் நிற்கவில்லையா? குச்சித் தெர்மாமீட்டரைப் பாருங்கள். ஐஸ் மைனஸ் 5க்கு மேலே ஏறியிருந்தால் ஒட்டு சரியாகப் பிடிக்காது. அடுத்த இரண்டு கோளாறுக்கும் போங்கள்.

சிற்பங்கள் மேல் வெண்பூச்சு, கண்ணாடித் தெளிவு போய்விட்டது

இதுதான் நம்மூருக்கே உரிய நோய். 30 டிகிரியில் ஈரமான காற்று ஒரு கன மீட்டரில் 20 கிராம் போலத் தண்ணீரைச் சுமக்கிறது. மைனஸ் 10ல் அதே காற்றால் 2 கிராம்தான் தாங்க முடியும். மிச்சம் 18 கிராமும் எங்காவது இறங்கியாக வேண்டும். அறையைக் குளிரவைக்கும் யூனிட்டின் காயிலில், அதாவது அதன் குளிர்ந்த குழாய்களில், இறங்கினால் நல்லது. வழியில் மயில் நின்றால் மயிலின் மேல் இறங்கும்.

எங்கே வெள்ளை விழுகிறது என்பதை வைத்தே காரணத்தைப் பிடிக்கலாம். வாசலுக்கு அருகே உள்ள சிற்பங்கள் முதலில் வெளுத்தால் கதவு. யூனிட்டுக்கு நேர் கீழே, கூரையிலும் சேர்ந்து வெளுத்தால் டிஃப்ராஸ்ட் ஆவி. அதாவது காயிலில் உறைந்ததை ஹீட்டர் உருக்கும்போது ஃபேன் சீக்கிரம் ஓடத் தொடங்கி, அந்த ஆவியை அறைக்குள் ஊதிவிடுகிறது. ஃபேன் தாமதத்தைச் சில நிமிடம் கூட்டினால் போதும். எல்லாச் சிற்பமும் ஒரே மாதிரி லேசாக வெளுத்தால் உள்ளே வருகிற மனிதர்கள்தான் ஈரத்தைச் சுமந்து வருகிறார்கள்.

கடைசி வகையைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு நாள் ஆனது. முன்னறை சரி, கதவு சரி, டிஃப்ராஸ்ட் சரி. ஆனாலும் மதியத்துக்கு மேல் வெளுப்பு. ஒருநாள் வாடகை ஜாக்கெட் கவுன்டரில் நின்று ஒரு ஜாக்கெட்டைத் தொட்டேன். சொதசொதவென்று ஈரம். உள்ளே போய்க் குளிர்ந்த ஜாக்கெட் வெளியே வந்ததும், அதன் மேல் வெளிக்காற்றின் ஈரம் முழுக்கப் படிகிறது, ஐஸ் வாட்டர் டம்ளர் வியர்ப்பது போல. அதை அப்படியே அடுத்த ஆளுக்கு மாட்டிவிட்டு உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தோம். ஜாக்கெட் வைக்கும் இடத்துக்கு ஏசி போட்டு ஃபேன் விட்டோம், ஜாக்கெட்டை மூன்று செட்டாகச் சுழற்றினோம். ஈர நாற்றமும் போனது.

கதவுக்கு நான் சொல்வது இதுதான். நடுவில் 12 முதல் 15 டிகிரியில், ஈரம் உறிஞ்சும் மெஷினோடு ஒரு முன்னறை. இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறக்கவே முடியாதபடி இன்டர்லாக். ஆட்களை ஒவ்வொருவராக விடாமல் கும்பலாக விடுவது. வாசலுக்கு மேலிருந்து காற்றை ஊதும் ஏர் கர்ட்டன் வைத்தால் அதன் காற்று தரையைத் தொடுகிறதா என்று ஒரு ஊதுபத்தி ஏற்றிப் பாருங்கள். தொடாவிட்டால் அது வெளிக்காற்றையும் உள்காற்றையும் கலக்கும் மிக்ஸி, அவ்வளவுதான்.

ஏற்கெனவே வெளுத்ததை எடுக்க மென்மையான பிரஷ்ஷால் துடைத்துவிட்டு, ஹாட் ஏர் கன்னை வேகமாக ஓட்டுங்கள். மேல்தோல் ஒரு நொடி உருகி மறுபடி கண்ணாடியாக உறையும். கேஸ் டார்ச் வேண்டாம். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும். வெளுப்பை எடுக்கப்போய் அடுத்த வெளுப்புக்கு நாமே விதைக்கிறோம். மூடிய அறையில் புகையும் ஆபத்து.

காலையில் மைனஸ் 10, மாலை ஏழு மணிக்கு மைனஸ் 3

இங்கே எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. "அண்ணே, செட்டிங்கை இன்னும் அஞ்சு டிகிரி இறக்கட்டுமா?" என்று டெக்னீஷியன் தம்பி கேட்பார். இறக்க விடாதீர்கள். ஏணி போட்டு ஏறி காயிலைப் பாருங்கள். பெரும்பாலும் தகடுகளுக்கு நடுவே வெள்ளையாக அடைத்திருக்கும். கூட்டம் கூடக்கூட ஈரம் கூடுகிறது, காயில் அடைகிறது, காற்று ஓடவில்லை, அறை சூடாகிறது. செட்டிங்கை இறக்கினால் காயில் இன்னும் குளிர்ந்து இன்னும் வேகமாக அடையும்.

கம்பெனியில் வைத்துக்கொடுத்த டிஃப்ராஸ்ட் நேரம் கிடங்குக்கானது. கிடங்கில் இவ்வளவு முறை கதவு திறக்காது. விடுமுறைக் கூட்டத்துக்கு ஆறு முறையாவது டிஃப்ராஸ்ட் வேண்டும். மாலை கூட்டம் தொடங்கும் முன் ஒன்று கட்டாயம். இரண்டு மூன்று யூனிட் இருந்தால் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் விடாமல் மாற்றி மாற்றி விடுங்கள்.

காயில் சுத்தமாக இருந்தால் அடுத்து ஆட்களை எண்ணுங்கள். நடமாடும் ஒரு ஆள் 150 வாட் அளவுக்கு வெப்பம் விடுகிறார். உள்ளே நூறு பேர் என்றால் 15 கிலோவாட், நாலு டன்னுக்கு மேல். ஏசிக் கடையில் சொல்லும் அந்த 'டன்' ஐஸ் கணக்கில் வந்தது: ஒரு நாளில் 907 கிலோ ஐஸை உருக்கக்கூடிய வெப்பம்தான் ஒரு டன். ஆகவே கூடுதலாக ஐம்பது பேரை உள்ளே விடும்போது, நாளெல்லாம் அப்படியே இருந்தால், இரண்டு டன் ஐஸை அடுப்பில் வைத்தது போல.

அதுவும் சரியென்றால் வெளியே போய், வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரைப் பாருங்கள். ஒரு வருடம் கம்பிரசர் மாலையில் மட்டும் டிரிப் ஆனது. கேஸ் பிரஷர், ஃபேன், கரண்ட் எல்லாம் பார்த்தாகிவிட்டது. பின்பக்கம் போனால், பந்தல்காரர்கள் அவுட்டோர் யூனிட் அசிங்கமாகத் தெரிகிறது என்று சான்டா தாத்தா படம் போட்ட ஃபிளெக்ஸை அதன் முகத்திலேயே இழுத்துக் கட்டியிருந்தார்கள். தாத்தாவை அவிழ்த்ததும் பிரஷர் இறங்கியது.

விரல், மூக்கு, இறகு எல்லாம் மழுங்குகின்றன, ஆனால் தண்ணீரே இல்லை

இதில் கதவுக்குப் பங்கில்லை. காய்ந்த குளிர்காற்று ஐஸை உருக்காமலே ஆவியாக்கிவிடும். ஃபேனுக்கு நேர் எதிரே நிற்கிற சிற்பம்தான் முதலில் பலியாகும். காற்றைத் துணி டக்டில், அதாவது துணியாலான காற்றுக் குழாயில், விட்டுப் பரத்துங்கள், இரவில் மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் போர்த்துங்கள். சிற்பியிடம் விரல்களை முதலிலேயே கொஞ்சம் தடிமனாகச் செதுக்கச் சொல்லுங்கள், பத்தாம் நாள் சரியான அளவுக்கு வந்துவிடும்.

ஒரு பக்கம் மட்டும் குழி விழுகிறது

விளக்கு. 500 வாட் ஹாலோஜனின் வெப்பம் முழுக்க ஐஸில் இறங்கினால் ஒரு மணி நேரத்தில் 5 கிலோ காலி. எல்இடி என்றாலும் அதன் முதுகு சூடாகும். ஐஸுக்குள் புதைக்காமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள், அதற்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் பெட்டியை அறைக்கு வெளியே வையுங்கள்.

கூரையில் ஐஸ் ஊசி தொங்குகிறது, முன்னறையில் சொட்டுகிறது

ஒயர் போகிற பைப்பைப் பாருங்கள். சுவரில் போட்ட துளையைச் சுற்றி ஃபோம் அடித்திருப்பார்கள், பைப்பின் உள்ளே அடைத்திருக்க மாட்டார்கள். ஈரக் காற்று அந்த வழியே வந்து விளக்கருகே உறைகிறது. பேனல் இணைப்புகளின் சீலன்ட் வெளிப்பக்கத்தில், அதாவது சூடான பக்கத்தில், முழுமையாக இருக்க வேண்டும். உள்பக்கம் மட்டும் பூசினால் ஈரம் பேனலுக்குள் புகுந்து தங்கிவிடும்.

கதவு திறக்க வரவில்லை

டிஃப்ராஸ்ட் முடிந்து காற்று மறுபடி சுருங்கும்போது அறைக்குள் அழுத்தம் குறைந்து, கதவை வெளிக்காற்று அமுக்கிப் பிடிக்கும். அழுத்தம் சமன்செய்யும் சின்ன வால்வு உறைந்து அடைத்திருக்கும், அதன் ஹீட்டர் வேலை செய்கிறதா பாருங்கள். குழந்தைகள் உள்ளே இருக்கும்போது இது விளையாட்டில்லை. உள்ளிருந்து தள்ளித் திறக்கும் கைப்பிடியைத் தினமும் காலையில் ஓர் ஆள் உள்ளே நின்று சோதிக்க வேண்டும்.

கரண்ட் போய்விட்டது

பதறாதீர்கள். ஆட்களை வெளியே அனுப்பி, விளக்கை அணைத்து, கதவைச் சாத்துங்கள். 40 டன் ஐஸ் மைனஸ் 10லிருந்து மைனஸ் 5க்கு வர, சுவர் வழியே கசியும் அந்த 6 கிலோவாட்டுக்கு ஏறக்குறைய இருபது மணி நேரம் பிடிக்கும். 1833ல் அமெரிக்க வணிகர் பிரெடெரிக் டியூடர் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கு 180 டன் ஐஸ் அனுப்பினார். நாலு மாதக் கடல் பயணம், ஆனாலும் நூறு டன் அளவுக்குக் கரை சேர்ந்தது. அப்படி வந்த ஐஸை வைக்கச் சென்னைக் கடற்கரையில் கட்டியதுதான் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ். அவர்களிடம் கம்பிரசர் இல்லை. மூடி வைக்கத் தெரிந்திருந்தது. ஜெனரேட்டர் வருமா வராதா என்று ஐந்து நிமிடத்துக்கொருமுறை கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிற முதலாளிதான் எனக்குப் பயம்.

உள்ளே போனவர்கள் மூன்று நிமிடத்தில் ஓடி வருகிறார்கள்

காலைப் பாருங்கள். ஜாக்கெட் கொடுத்துவிட்டோம், ஆனால் நம் ஜனங்கள் செருப்போடுதான் வருவார்கள். கால்விரல் உறைந்தால் எந்தச் சிற்பமும் கண்ணுக்குத் தெரியாது. சாக்ஸும் ரப்பர் பூட்ஸும் ஜாக்கெட்டை விட முக்கியம். புடவை, வேட்டிக்கு மேல் போட முழங்காலுக்குக் கீழே வரும் நீள அங்கி வேண்டும். தரையில் ரப்பர் பாய் விரியுங்கள். மழை நாளில் ஈரக் காலோடு உள்ளே வந்தால் அந்த ஈரம் தரையில் கண்ணாடியாக உறையும், ஒரு பாட்டி விழுந்தால் அன்றைக்குக் கடை கட்ட வேண்டியதுதான். வெளியே வரும்போது மூக்குக் கண்ணாடியும் கேமராவும் மூடுபனி பிடிக்கும். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வரச் சொல்லி ஒரு போர்டு வையுங்கள்.

விடுமுறை முடிந்தது, ஐஸ் உருக மாட்டேன் என்கிறது

இதை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை. மூன்று வாரம் உருகாமல் காப்பாற்றிய 40 டன்னை இப்போது இரண்டு நாளில் காலி செய்து மைதானத்தை ஒப்படைக்க வேண்டும். மெஷினை நிறுத்தி, அதே கதவுகளை விரியத் திறந்து வைத்தோம். முதல் நாள் அறை முழுக்க மேகம். இரண்டாம் நாள் தரையில் கணுக்கால் தண்ணீர், வடிகாலை ரப்பர் பாய்த் துணுக்கு அடைத்துக்கொண்டது. மொத்தம் 40,000 லிட்டர் தண்ணீர், எங்கே போகும் என்று முன்பே ஒரு குழியும் பம்பும் வைத்திருக்க வேண்டும். மூன்றாம் நாளும் யானை நின்றுகொண்டிருந்தது. கடைசியில் பக்கத்து மார்க்கெட் மீன்காரர்கள் இரண்டு குட்டியானை வண்டியோடு வந்தார்கள். கலர் ஐஸ் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, வெள்ளை ஐஸை மட்டும் கடப்பாரையால் உடைத்து ஏற்றினார்கள். யானையின் பின்னங்கால் ஒன்று வஞ்சிரத்துக்கு அடியில் போனது.